கிருஷ்ணகிரி உழவர் சந்தை புரோக்கோலி: ஒரு குளிர்காலம் முழுக்க வாங்கிச் சமைத்த அனுபவம்

ஐப்பசி கடைசியில் ஆரம்பித்து மாசி வரை, ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிருஷ்ணகிரி உழவர் சந்தையில் ஒரு புரோக்கோலிப் பூ வாங்கிச் சமைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு வருடமாக இதே காயை வேறு வேறு இடங்களில் வாங்கி, வேறு வேறு விதமாகச் செய்து பார்த்து, வீட்டில் யாரும் தொடாமல் மாட்டுக்குப் போட்டதும் உண்டு. இப்போது எங்கள் வீட்டில் 10 வயதுப் பையன், 6 வயதுப் பெண், பென்னாகரம் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்த அத்தை, ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்வரும் வீட்டுக்காரர் என்று நான்கு பேரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நடுவில் மாறியது இரண்டே விஷயம். செடியிலிருந்து வெட்டி எவ்வளவு நேரமான பூவை வாங்குகிறேன் என்பது ஒன்று, அடுப்பில் எத்தனை நிமிடம் வைக்கிறேன் என்பது இன்னொன்று. அதனால் இது சந்தையைப் பற்றிய விமர்சனம், காயைப் பற்றிய விமர்சனமும்தான், இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

முதன்முதலில் வாங்கியது ஊரில் ஒரு ஏசி கடையில். பெயர் வேண்டாம். பிளாஸ்டிக் தாள் சுற்றி, கால் கிலோ 95 ரூபாய் என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார்கள். மேல்பக்கம் பச்சையாகத்தான் தெரிந்தது, வீட்டுக்கு வந்து பிரித்தால் அடிப்பக்கம் முழுக்க மஞ்சள், தண்டு வெட்டிய இடத்தில் பழுப்பேறி ரப்பர் மாதிரி வளைந்தது. அப்போது எனக்கு அது கெட்டுப்போன அடையாளம் என்று தெரியாது, மஞ்சள் ஒரு ரகம் போல என்று நினைத்துக்கொண்டு குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டேன். திறந்ததும் வந்த வாடையில் பையன் சமையலறைப் பக்கமே வரவில்லை. அத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்கு நம்ம கோசே எவ்வளவோ மேல்" என்றார். அவர் சொன்னது சரிதான். அன்றைக்கு அந்தக் காய் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒரு ஹோட்டலில் புரோக்கோலி மஞ்சூரியன் என்று வாங்கினோம், மைதாவும் சோள மாவும் சாஸும்தான் வாயில் பட்டன, உள்ளே காலிஃப்ளவர் இருந்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அந்த மஞ்சள் எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நான் வாங்குகிற இடத்தையே மாற்றினேன். நாம் சாப்பிடுவது இந்தச் செடியின் பூ மொட்டுகளை. ஆயிரக்கணக்கான சின்ன மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்போதே வெட்டிவிடுகிறார்கள். வெட்டாமல் விட்டால் அத்தனையும் விரிந்து மஞ்சள் பூவாகும், பார்க்கக் கடுகுப் பூ மாதிரியே நான்கு இதழோடு இருக்கும், ஏனென்றால் கடுகும் இதுவும் ஒரே குடும்பம். கோஸ், காலிஃப்ளவர், நூக்கல் மூன்றும் இன்னும் நெருங்கிய சொந்தம், நான்குமே ஒரே இனச் செடியிலிருந்து மனிதர்கள் பிரித்து வளர்த்தெடுத்த வகைகள்தான். வெட்டிய பிறகும் அந்த மொட்டுகளுக்கு உயிர் இருக்கிறது, வெயிலும் சூடும் பட்டால் விரியத்தான் பார்க்கும். குளிர்ப்பெட்டியில்லாமல் ஒன்றரை நாள் பயணம் செய்து வந்த பூ மஞ்சளாவதில் ஆச்சரியமே இல்லை. விரிந்த பூவில் இனிப்பு போய்விடும், கசப்பும் நார் தட்டுவதும் மட்டும் மிஞ்சும்.

சரி, சந்தைக்கு வருகிறேன். உழவர் சந்தை 1999இல் மதுரையில் முதலில் திறந்தது, அதன் ஏற்பாடே விளைவித்தவரே நேராக வந்து விற்க வேண்டும் என்பதுதான். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குத்தான் இடம், இடையில் தரகு கிடையாது, அன்றன்றைக்கு விலை எழுதிப் பலகையில் வைத்துவிடுவார்கள். இந்த ஏற்பாடு தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் பெரிய வித்தியாசத்தைக் காட்டாமல் போகலாம், புரோக்கோலி மாதிரி மணிக்கணக்கில் வாடும் காய்க்குத்தான் இதன் அருமை தெரியும். நான் வாங்குவது சூளகிரி பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்காவிடம். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். அவர்கள் தோட்டத்தில் கொத்தமல்லியும் கோஸும்தான் பிரதானம், அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் கொத்தமல்லி வாசம்தான், புரோக்கோலி ஒரு ஓரத்தில் சில பாத்தி மட்டும் போடுகிறார்கள். சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வெட்டி, மேலே ஈரச் சாக்கு போட்டு, விடியற்காலை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். நான் வாங்கும்போது வெட்டி 12 மணி நேரம்கூட ஆகியிருக்காது. எங்கள் கிருஷ்ணகிரியில் இது நன்றாக விளையாது, இதற்குக் குளிர் வேண்டும். ஓசூர், தளி, சூளகிரிப் பக்கம் மேட்டு நிலம், ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், கார்த்திகை மார்கழியில் காலையில் வெளியே வந்தால் பல் கிடுகிடுக்கும். அந்தக் குளிர்தான் பூவை இறுக்கமாகக் கட்டவைக்கிறது. வீட்டிலிருந்து 25, 30 கிலோமீட்டரில் விளையும் காயை எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுக் காய் என்று நினைத்து நாங்கள் 2 வருடம் வாடியதை வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

விலை சீசனில் கால் கிலோவுக்கு 30 முதல் 40 ரூபாய்க்குள் கொடுத்திருக்கிறேன், பொங்கலுக்கு முந்தைய வாரம் வரத்து அதிகமாக இருந்தபோது ஒரு பெரிய பூவை 30 ரூபாய்க்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பூ 300லிருந்து 400 கிராம் வரும், ஐந்து பேருக்கு ஒரு வேளைப் பொரியலுக்குத் தாராளம்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை அந்த அக்காதான் சொல்லிக்கொடுத்தார். பூவை விரலால் மெல்ல அழுத்தினால் அமுங்கக்கூடாது. மொட்டுகள் தனித்தனியாகத் தெரியாமல் மழுமழுவென்று ஒட்டி இருக்க வேண்டும், நிறம் நல்ல கரும்பச்சை, லேசாக நீலம் ஓடியிருந்தால் இன்னும் நல்லது. அங்கங்கே ஊதா தட்டியிருந்தால் நான் முன்பு தள்ளிவைத்துவிடுவேன், அது பனியாலும் வெயிலாலும் வருவது, கெட்டது இல்லை, வெந்ததும் பச்சையாகிவிடும். தண்டை வெட்டிய இடம் ஈரமாக வெளிர்ப்பச்சையாக இருக்கிறதா என்று கட்டாயம் திருப்பிப் பாருங்கள், எத்தனை நேரம் முன்னால் வெட்டியது என்பதை அந்த இடம் சொல்லிவிடும். சில பூக்களில் தண்டு நடுவில் ஓட்டையாக இருக்கும், புழு என்று பயப்பட வேண்டாம், வேகமாக வளர்ந்ததாலோ போரான் சத்து குறைந்ததாலோ அப்படி ஆகும், தாராளமாகச் சாப்பிடலாம். மஞ்சள் மட்டும் ஒரு புள்ளி இருந்தாலும் வேண்டாம். இன்னொரு ரகசியம், நடுப்பூவை வெட்டிய பிறகு அதே செடியில் பக்கத்திலிருந்து சின்னச் சின்னப் பூக்கள் துளிர்க்கும். அதைக் கீரைக்கட்டு மாதிரி கட்டி ஒரு கட்டு 15 ரூபாய்க்குத் தருவார். பார்க்கப் பெரிய பூ மாதிரி அழகாக இருக்காது என்பதால் யாரும் எடுப்பதில்லை, ஆனால் தண்டு முருங்கைப் பிஞ்சு மாதிரி அவ்வளவு இளசு. நான் பார்த்தால் விடுவதே இல்லை.

வாங்கி வந்ததும் கழுவ வேண்டாம். ஈரம் தங்கினால் மொட்டுக்குள் அழுகும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் நன்றாக இருக்கும், 4ஆவது நாள் பரவாயில்லை, அதற்கு மேல் வைக்காதீர்கள். வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவே கூடாது, பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு பட்டு ஒரே நாளில் மஞ்சளாகிவிடும். நான் ஒருமுறை பூசைக்கு வாங்கிய பழச்சீப்போடு ஒரே பையில் விட்டுவிட்டு மறுநாள் பார்த்துப் பாதிப் பூவைத் தூக்கிப் போட்டேன்.

புழு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கோஸ், காலிஃப்ளவருக்கு வரும் அதே பச்சைப் புழுவும் அசுவினியும் இதிலும் வரும், பூவின் நிறமும் புழுவின் நிறமும் ஒன்றாக இருப்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. குழாய்த் தண்ணீரில் காட்டினால் போதாது, இதன் மேல் இயற்கையாகவே மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், உள்ளே போகாது. பூக்களைப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லுப்பும் மஞ்சள்தூளும் கலந்து, தலைகீழாக அமிழ்த்தி 10 நிமிடம் வைத்து, இரண்டு முறை அலசி, வடிதட்டில் போட்டு நன்றாக வடியவிடுங்கள். வடிய விடுவது முக்கியம், ஈரத்தோடு வாணலியில் போட்டால் வதங்காமல் வெந்துவிடும். இதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. பொரியலுக்கு அது தேவையே இல்லை, வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும்.

இப்போது பொரியல். 350 கிராம் அளவுள்ள ஒரு பூவுக்குச் சொல்கிறேன். பூக்களை நெல்லிக்காய் அளவுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும். தண்டை எறியாதீர்கள், அதன் கதை தனியாக வருகிறது. இரும்பு வாணலியில் 2 டீஸ்பூன் கடலெண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, 2 காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு 4 பல், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தீயைக் கூட்டி, பூக்களைக் கொட்டி, உப்பு போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். அங்கங்கே லேசாகக் கருகினால் நல்லது, அந்த இடத்தில்தான் வேர்க்கடலை வறுத்த மாதிரி ஒரு மணம் வரும். அப்புறம் 2 ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு ஒன்றரை நிமிடம். மூடியைத் திறந்து இன்னொரு நிமிடம். அவ்வளவுதான், அடுப்பை அணைத்துவிட வேண்டும். பூ போட்டதிலிருந்து அணைப்பது வரை மொத்தம் மூன்றரை நிமிடம், நான் முதல் மூன்று நான்கு முறை போனில் அலாரம் வைத்துத்தான் செய்தேன், உங்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கைக்குப் பீன்ஸும் கோஸும் வேகும் நேரம்தான் பழகியிருக்கிறது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை தானாக விட்டுவிடும்.

மேலே போடுவதுதான் எங்கள் ஊர்க் கைவேலை. தேங்காய்க்குப் பதில் கடலைப்பொடி. தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் வேர்க்கடலை இல்லாத அடுக்களை கிடையாது. வறுத்துத் தோல் நீக்கிய கடலை ஒரு கைப்பிடி, ஒரு வறுத்த மிளகாய், ஒரு பல் பூண்டு, கல்லுப்பு, உரலில் கொரகொரப்பாக இடித்து, அணைத்த பிறகு தூவிக் கிளறினால் போதும். மொட்டுகளுக்கு நடுவில் அந்தப் பொடி போய் உட்கார்ந்துகொள்ளும், காலிஃப்ளவரில் இப்படி ஒட்டாது. தேங்காய் போட்டும் செய்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புரோக்கோலியின் இனிப்பும் தேங்காயின் இனிப்பும் சேர்ந்து கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது. கடலைக்குத்தான் என் ஓட்டு. சாமைச் சோறு, மிளகு ரசம், இந்தப் பொரியல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

நேரத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், முதல்முறை குக்கரில் வந்த வாடைக்குக் காரணமே அதுதான். இந்தக் குடும்பத்துக் காய்கள் எல்லாவற்றிலும் கந்தகம் சேர்ந்த பொருட்கள் இருக்கின்றன, அதிக நேரம் சூடு பட்டால் அவை உடைந்து அந்த வாடையைக் கிளப்பிவிடும். கோஸை நேரம் போவது தெரியாமல் வேகவிட்ட அன்றைக்கு வீடு எப்படி மணக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நிறமும் அப்படித்தான். 2, 3 நிமிடத்தில் பளிச்சென்று வரும் பச்சை, விட்டால் மங்கி வெந்த கீரை நிறமாகிவிடும். புளிப்பு பட்டால் அது இன்னும் வேகமாக நடக்கும், பச்சையம் புளிப்பில் நிறம் மாறிவிடுவது அதன் இயல்பு. இது தெரியாமல் நான் ஒரு நாள் புளிக்குழம்பில் போட்டேன், கால் மணி நேரம் கொதித்தபோது குழம்பும் கெட்டது, காயும் கெட்டது. தக்காளியோடு சேர்த்து வதக்குவதும் எனக்குச் சரிவரவில்லை, பாலக்கோட்டுத் தக்காளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்கு வேண்டாம். புளிப்பு வேண்டுமென்றால் தட்டில் போட்ட பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

தண்டுக்கு வருகிறேன். பூவைவிடத் தண்டுதான் ருசி என்று நான் மனதாரச் சொல்கிறேன், முக்கால்வாசிப் பேர் வெட்டி எறிவது அதைத்தான். மேல்தோல் மட்டும் நார், கத்தியால் ஒரு ஓரத்தில் கிள்ளி இழுத்தால் வாழைநார் மாதிரி உரிந்து வந்துவிடும், உள்ளே வெளிர்ப்பச்சையாக, நூக்கலும் வெள்ளரிப் பிஞ்சும் கலந்த மாதிரி இனிப்பாக இருக்கும். பெண் அதைப் பச்சையாகவே உப்பு தொட்டுத் தின்றுவிடுகிறாள், கூட்டுக்கு மிச்சம் பிடிக்க நான் ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. பாசிப்பருப்பு அரை டம்ளரை மஞ்சள்தூள் போட்டு மலர வேகவைத்து, அதில் சிறு சதுரமாக நறுக்கிய தண்டைப் போட்டு 4 நிமிடம் கொதிக்கவிட்டு, சீரகம், பச்சை மிளகாய், 2 ஸ்பூன் தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு கொதியில் இறக்கி, பெருங்காயம் தாளித்தால் கூட்டு தயார். நூக்கல் கூட்டு செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. அத்தை முதலில் மனம் மாறியதே இந்தக் கூட்டில்தான், பொரியலில் இல்லை. காயின் பெயரைச் சொல்லாமல் வைத்தேன், நூக்கல் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இந்த நூக்கல் எங்க வாங்கின, இவ்வளவு இளசா இருக்கு" என்று கேட்டார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் சந்தைக்குக் கிளம்பும்போது, "அந்தப் பச்சைப் பூக்கோசு இருந்தா வாங்கிட்டு வா" என்று அவராகவே சொன்னார்.

இலையும் சமைக்கலாம். அக்கா இலையைத் தோட்டத்திலேயே கழித்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறார். நான் கேட்ட பிறகு ஒரு கைப்பிடி இளம் இலை கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்தார். நடு நரம்பை எடுத்துவிட்டுப் பூண்டு, பச்சை மிளகாயோடு வேகவைத்துக் கடைந்தேன். நன்றாக இருந்தது, ஆனால் கொஞ்சம் அழுத்தமான வாசம், தண்டங்கீரை கடைசலின் மென்மை இதில் வராது.

எதற்கு ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா. ராகிக் களிக்கு ஒத்துவராது. களிக்குத் தொட்டுக்கொள்ளக் குழைவாக, ஈரமாக, காரமாக ஒன்று வேண்டும், கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ கருவாட்டுக் குழம்போதான் அதற்கு. புரோக்கோலியைக் குழையவிட்டால் அது புரோக்கோலியாகவே இருக்காது. சாம்பாரிலும் அப்படியே, மொட்டு உதிர்ந்து சாம்பார் முழுக்கப் பச்சை மணலாக மிதக்கும். இட்லிப் பானையில் 3 நிமிடம் ஆவியில் வைத்து மிளகும் உப்பும் தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்ல வழி, சத்தும் அதிகம் வீணாகாது. முட்டையோடு அருமையாகச் சேரும். பூவைப் பொடியாக அரிந்து வெங்காயத்தோடு 2 நிமிடம் வதக்கி, 3 முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி மிளகு தூவினால் சப்பாத்திக்குள் சுருட்டிப் பள்ளிக்கூட டப்பாவில் கட்டிக்கொடுக்கலாம். ஆனால் மதியம் டப்பாவைத் திறக்கும்போது லேசாக வாடை வரும் என்று பையன் சொன்னான், அதனால் கட்டும் முன்பு நன்றாக ஆறவிட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு புகார் வரவில்லை.

சத்து விஷயம். இதை மருந்து மாதிரி பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 100 கிராம் பச்சைப் புரோக்கோலியில் சுமார் 34 கலோரி, வைட்டமின் சி 90 மில்லிகிராம் அளவுக்கு, நார்ச்சத்து இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். நல்ல காய்தான், ஆனால் நம் கொல்லைக் கொய்யாவில் வைட்டமின் சி இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. சத்துக்காக மட்டும் என்றால் கொய்யாவும் முருங்கைக்கீரையும் போதும், இதை ருசிக்காக வாங்குங்கள். அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் மாவுச்சத்து குறைவான இந்தக் காயை ஒரு கிண்ணம் நிறைய வைத்துச் சோற்றைக் குறைத்துக்கொள்ள முடிகிறது, அது எங்களுக்குப் பெரிய உதவி. இதிலிருந்து கிடைக்கும் சல்ஃபோரபேன் என்ற பொருள் உடம்புக்கு நல்லது என்று பலரும் பேசுகிறார்கள். அது காயில் அப்படியே இருப்பதில்லை, நறுக்கும்போது காயிலுள்ள ஒரு நொதி இன்னொரு பொருளோடு கலந்துதான் உருவாகிறது, சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதனால் நறுக்கி அரை மணி, முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுவது நல்லது. கடுகிலும் அதே நொதி இருக்கிறது, தாளித்த கடுகில் நிற்காது, பச்சைக் கடுகை இடித்து ஒரு சிட்டிகை கடைசியில் தூவினால் கிடைக்கும். நான் கடலைப்பொடி இடிக்கும்போது கால் ஸ்பூன் பச்சைக் கடுகையும் சேர்த்து இடித்துவிடுகிறேன், லேசான காரம் வருகிறது, அந்த ருசியும் பிடித்துப்போனது. ஒரு எச்சரிக்கை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் திடீரென்று அதிகமாகச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டாம், வைட்டமின் கே அதிகமுள்ள காய் என்பதால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

உறையவைத்த பாக்கெட்டையும் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். அதைப் பாக்கெட்டில் போடும் முன்பே வெந்நீரில் காட்டித்தான் உறையவைக்கிறார்கள், அதனால் நம் வாணலியில் விழும்போதே பாதி வெந்திருக்கிறது. பனிக்கட்டி கரையும்வரை வெளியே வைத்தால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும், உறைந்தபடியே சூடான வாணலியில் போட்டு 3 நிமிடம் என்றால் பரவாயில்லை. சூப்புக்குச் சரி, பொரியலுக்கு வாங்காதீர்கள்.

சந்தையின் குறைகளையும் எழுதிவிடுகிறேன். புரோக்கோலி தினமும் வராது, அந்த அக்கா ஞாயிறும் புதனும்தான் கொண்டுவருகிறார், அதுவும் 10, 15 பூவுக்கு மேல் இருக்காது. காலை 7 மணிக்கு மேல் போனால் காலிப் பெட்டியைத்தான் பார்ப்பீர்கள், நான் மூன்று முறை ஏமாந்து திரும்பியிருக்கிறேன். மழை நாளில் நடைபாதை சேறு, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவது சிரமம். வண்டி நிறுத்த இடம் போதாது. விலைப் பலகையில் புரோக்கோலி இருப்பதே இல்லை, அதனால் புதிதாகப் போகிறவர்கள் விலையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், எனக்கு யாரும் கூட்டிச் சொன்னதில்லை. துணிப்பையும் சில்லறையும் கொண்டுபோங்கள். 5க்கு எத்தனை என்று கேட்டால் காய்க்கு 5, சந்தைக்கு 4. ஏசி கடையின் பிளாஸ்டிக் சுற்றிய பூவுக்கு 1 கொடுக்கவும் மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது பூக்கள் சின்னதாக, மொட்டு கொஞ்சம் தளர்ந்து இருந்தன. மாசி வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, இனிமேல் வரும் பூ கசக்கும் என்று அக்காவே சொல்லி, நான் எடுத்த நடுப்பூவைத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டு, பக்கக் கிளைப் பூ ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். "இது இன்னும் இனிக்குதும்மா, இதை எடுத்துட்டுப் போ." 15 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆடி கழிந்து குழித்தட்டில் நாற்று வாங்கி ஆவணியில் நட்டால் ஐப்பசிக்குத்தான் மறுபடி பூ வருமாம், அதுவரைக்கும் அதே இடத்தில் பீன்ஸும் கொத்தமல்லியும் வைத்திருப்பேன் என்றார்.